குண்டு தீர்ந்ததும் கை எங்கே போகிறது? வி.ஆர். துப்பாக்கி கேம்கள்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் வி.ஆர். ஹெட்செட் (கண்ணை மறைத்துத் தலையில் மாட்டும் கருவி, கேமுக்குள்ளேயே நிற்பதுபோல் காட்டும்) பற்றி எழுதியதற்குப் புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் துப்பாக்கி கேம்களைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

அண்ணா, பாரிஸில் இருக்கும் மாமா லீவுக்கு வரும்போது எனக்கு க்வெஸ்ட் 3 ஹெட்செட் கொண்டு வருகிறார். என்னிடம் இருப்பது சாதாரண லேப்டாப்தான். ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ், பாவ்லோவ், ஆன்வர்ட், பாப்புலேஷன்: ஒன், இந்த நான்கில் எது பெஸ்ட்? எதில் கிராபிக்ஸ் நன்றாக இருக்கும்? காசு கொடுத்து ஒன்றுதான் வாங்க முடியும்.
— கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

தம்பி, கிராபிக்ஸைப் பார்த்து மட்டும் இந்த வகை கேமை வாங்காதீர்கள். மொபைலிலோ டிவியிலோ ஆடும்போது குண்டு தீர்ந்தால் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், திரையில் தெரியும் கை மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஹெட்செட்டை மாட்டியபின் அந்த வேலை உங்களுடையது. காலி மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, நீங்கள் கழற்ற வேண்டும், புதியதை உடம்பில் எங்கிருந்தோ எடுக்க வேண்டும், செருக வேண்டும், முதல் தோட்டாவை உள்ளே ஏற்றும் போல்ட்டை இழுக்க வேண்டும், இதற்குள் எதிரில் இருப்பவன் சும்மா நிற்கமாட்டான். குண்டு தீர்ந்ததும் கை எங்கே போகிறது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் அந்த கேமின் குணம் மொத்தமும் தெரிந்துவிடும் என்பது என் கட்சி. நீங்கள் சொன்ன நான்கையும் அப்படியே பார்க்கலாம்.

அலிக்ஸில் கை தோளுக்குப் பின்னால் போகிறது. முதுகில் ஒரு பை இருப்பதாகக் கணக்கு. மேகசின் வேண்டுமென்றால் தோளுக்கு மேலே கையை விட்டு எடுக்க வேண்டும், திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. இருட்டுச் சுரங்கம், டார்ச் வெளிச்சம் அடிக்கிற இடம் மட்டும் தெரிகிறது, தலைமேல் பாயும் ஹெட்கிராப் என்ற பிராணி ஒன்று தாவப் பார்க்கிறது, துப்பாக்கி காலி. மேகசினைக் கொண்டுவந்து செருகும்போது கை நடுங்கி அது ஓரத்தில் இடித்துக்கொள்ளும், மறுபடி செருக வேண்டும். அந்த இரண்டு விநாடிதான் இந்த கேமே. ஷாட்கன் கிடைத்தபின் வேறு கதை, தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டு மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கி மூடலாம். நடுவில் ஒரு அத்தியாயம் வரும், ஜெஃப் என்று பெயர் வைத்த ஒரு பிராணி, கண் தெரியாது, காது மட்டும் கூர்மை. அந்த இடத்தின் காற்றில் இருமல் வரவைக்கும் தூசு பறக்கும், இருமினால் அது உங்களிடம் வந்துவிடும், அதனால் கன்ட்ரோலர் (கையில் பிடித்து ஆடும் கருவி) பிடித்த கையை நிஜமாகவே வாயில் பொத்திக்கொள்ள வேண்டும். ஒரு கை வாயில் இருக்கிறது, இன்னொரு கையால் கதவைத் திறக்க வேண்டும், அலமாரியிலிருந்து உருளும் பாட்டிலையும் அதே கையால் பிடிக்க வேண்டும். சுடவே சுடாத ஒரு இடம்தான் இந்தத் துப்பாக்கி கேமில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது! வால்வ் நிறுவனம் 2020 மார்ச்சில் வெளியிட்டது, இன்றுவரை தனியாக ஆடுவதற்கு இதற்கு மேல் ஒன்றை நான் சொல்லமாட்டேன். ஆனால் இது க்வெஸ்டில் தானாக ஓடாது, கம்ப்யூட்டர் கட்டாயம். குறைந்தபட்சம் 12 ஜிபி ரேம், 6 ஜிபி நினைவகத்தோடு ஜிடிஎக்ஸ் 1060 தரத்தில் ஒரு கிராபிக்ஸ் கார்டு என்று அவர்களே சொல்கிறார்கள். சாதாரண லேப்டாப்பில் முயற்சி செய்து மனதை வருத்திக்கொள்ள வேண்டாம்.

பாவ்லோவில் கை இடுப்புக்குப் போகிறது. பெல்ட்டிலிருந்து மேகசினை உருவி, செருகி, போல்ட்டை இழுக்க வேண்டும், துப்பாக்கிக்குத் துப்பாக்கி போல்ட் வேறு வேறு இடத்தில் இருக்கும். கம்ப்யூட்டரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி கேமை ஆடியிருந்தால் உங்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரிதான், வெடிகுண்டு வைப்பது, அதைச் செயலிழக்க வைப்பது, சின்ன சின்ன ரவுண்டு, செத்தால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்த ரவுண்டு. கம்ப்யூட்டருக்கு 2017-இல் வந்தது, க்வெஸ்டுக்கு பாவ்லோவ் ஷாக் என்று தனியாக இருக்கிறது. இதில் ஜெயிப்பவர்கள் குறி பார்ப்பதில் கெட்டிக்காரர்கள் மட்டும் இல்லை. கண்ணை எதிரியை விட்டு எடுக்காமல் மேகசினை மாற்றத் தெரிந்தவர்கள்.

ஆன்வர்டில் கை மார்புக்குப் போகிறது, அங்கே ராணுவ உடுப்பில் மேகசின் செருகியிருக்கும். பாதி சுட்ட மேகசினைக் கழற்றினால் அது பாதியாகவே இருக்கும், எண்ணிக்கை காட்ட திரையில் ஒன்றும் கிடையாது, குறி காட்டும் புள்ளியும் கிடையாது. செத்தால் அந்த ரவுண்டு முடிந்தது. அப்புறம் பேச்சு. ரேடியோவில் பேசினால் உங்கள் டீமுக்குக் கேட்கும், சும்மா வாய்விட்டுப் பேசினால் பக்கத்தில் ஒளிந்திருக்கும் எதிரிக்கும் கேட்கும். அதனால் ஆன்வர்டில் நல்ல டீம் என்றால் குசுகுசுவென்று பேசும் டீம். கிராபிக்ஸ் பற்றிக் கேட்டீர்களே, 2020 ஜூலையில் க்வெஸ்டுக்காக இதை இலேசாக்கியபோது கம்ப்யூட்டரில் ஆடியவர்களுக்கும் படம் மங்கிப்போய்ப் பெரிய சண்டையே நடந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனாலும் அதன்பிறகும் அங்கேயே இருந்து ஆடியவர்கள் இருக்கிறார்கள், காரணம் அந்த மார்பு மேகசினும் அந்தக் குசுகுசுப்பும் வேறு எங்கேயும் அப்படிக் கிடைக்கவில்லை.

பாப்புலேஷன்: ஒன்னில் ரீலோட், அதாவது குண்டு நிரப்புவது, எளிமை, ஏனென்றால் கைக்கு வேறு வேலை நிறைய. எந்தச் சுவரையும் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்து ஏறலாம், மாடியிலிருந்து குதித்துக் கையை விரித்தால் மிதந்து போகலாம், அடிபட்டால் வாழைப்பழத்தை உரித்து வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், நிஜமாகவே உரிக்க வேண்டும், சுற்றி யார் சுட்டாலும். மூன்று பேர் ஒரு டீம், கடைசிவரை நிற்பவர் வெற்றி. 2023 மார்ச்சிலிருந்து இலவசம்.

ஆக, ஹெட்செட் வந்த அன்றே பாப்புலேஷன்: ஒன்னை இறக்கிக்கொள்ளுங்கள், காசு இல்லை. காசு கொடுத்து வாங்குவது பாவ்லோவ் ஷாக்காக இருக்கட்டும். ஹெட்செட் வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் மட்டும் ஆன்வர்ட், தெரியாதவர்களோடு தனியாக ஆட அது வறண்டு கிடக்கும். இன்னொன்று, மாமாவிடம் பில்லைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாங்கிய பொருளுக்கு ஏதாவது ஆனால் அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டி வரலாம்.

மொபைலில் நான் எங்கள் செட்டிலேயே நல்ல பிளேயர். நண்பனின் ஹெட்செட்டில் பாவ்லோவ் ஆடினால் பத்தடியில் நிற்பவனைக்கூடச் சுட முடியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா சார்?
— வாசகர், நெல்லிக்குப்பம்

எல்லோருக்கும் இப்படித்தான், மொபைலில் நன்றாக ஆடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக. மொபைலில் துப்பாக்கி உங்கள் கண்ணோடு ஒட்டியிருக்கிறது, திரையின் நடுவில் இருப்பதுதான் குறி, போதாததற்கு கேமே கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். வி.ஆரில் துப்பாக்கி உங்கள் கண்ணோடு இல்லை, கையில் இருக்கிறது. பின் குறி, முன் குறி, எதிரி, மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும், அதற்குத் துப்பாக்கியை முகத்துக்கு நேராக உயர்த்த வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டே சுடுவார்கள், அது சினிமாவில்தான் பலிக்கும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்தால் குறி இரட்டையாகத் தெரியும், ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண் என்று தெரியாவிட்டால் தூரத்தில் ஒரு பொருளை விரலால் சுட்டிக்காட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் நகராமல் இருக்கிறதோ அதுதான்.

பெரிய துப்பாக்கியில் இன்னொரு சங்கடம். நிஜத் துப்பாக்கியின் கட்டை தோளில் ஊன்றி நிற்கும். இங்கே இரண்டு கன்ட்ரோலருக்கும் நடுவில் வெறும் காற்று, ஒரு கை அசைந்தால் குழல் முனை எங்கோ போய்விடும். அமைப்புகளில் விர்ச்சுவல் ஸ்டாக் என்று இருக்கும், கட்டையைத் தோளில் ஊன்றிய மாதிரி துப்பாக்கியை நிலையாக வைக்கும், அதைப் போடுங்கள், முழங்கை இரண்டையும் விலாவோடு சேர்த்துப் பிடியுங்கள். இரண்டு கன்ட்ரோலரையும் மாட்டிக்கொள்ள இதற்கென்றே விற்கும் கன் ஸ்டாக் விலை அதிகம். ஹார்டுவேர் கடையில் பிவிசி பைப்பும் நாலு எல்போவும் வாங்கிச் சொந்தமாகச் செய்துகொள்பவர்கள் உண்டு, கன்ட்ரோலரை ஹெட்செட் கேமராவுக்கு மறைக்காத மாதிரி செய்தால் அது நன்றாகவே உழைக்கும். மேட்ச்சுக்குள் குதிக்கும் முன் பயிற்சித் திடலில் மேகசின் மாற்றுவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், சுட வேண்டாம், மாற்றுவதை மட்டும்.

பஸ்ஸில் பாண்டிக்குப் போகும்போது மொபைல் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். வி.ஆர். துப்பாக்கி கேம் ஆட ஆசை. முடியுமா?
— வங்கி ஊழியர், திருப்பாதிரிப்புலியூர்

முடியும், ஆரம்பிக்கும் இடம் சரியாக இருந்தால். பஸ்ஸில் உடம்பு நகர்வது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரிகிறது, கண் மட்டும் நகராத எழுத்தைப் பார்க்கிறது. வி.ஆரில் அப்படியே தலைகீழ், கண் ஓடுகிறது, உடம்பு நிற்கிறது. இரண்டு தகவலும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். அப்படியானால் கண்ணும் ஓடாத கேமிலிருந்து தொடங்க வேண்டும். சூப்பர்ஹாட் வி.ஆர். அதற்கென்றே பிறந்தது. நீங்கள் நகர்ந்தால்தான் நேரமே நகரும், நின்றால் எதிரி சுட்ட குண்டும் காற்றில் நின்றுவிடும். நின்ற இடத்திலேயே குனிந்து, வளைந்து, குண்டுக்கு வழிவிட்டு ஆடுவதுதான். ரீலோட் என்பதே கிடையாது, குண்டு தீர்ந்தால் துப்பாக்கியைத் தூக்கி எதிரி மேல் எறிய வேண்டும்! அடுத்தது பிஸ்டல் விப், பாட்டின் தாளத்துக்குச் சுட வேண்டும். அது உங்களை நேர்க்கோட்டில் சீரான வேகத்தில் கொண்டுபோகும், திருப்பாது, அதனால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. துப்பாக்கியைத் தரையைப் பார்த்துச் சாய்த்தால் குண்டு நிறைந்துவிடும், அவ்வளவுதான்.

அதன்பிறகு அலிக்ஸ் மாதிரி நடக்கும் கேமுக்கு வரும்போது டெலிபோர்ட் முறையில் நகருங்கள், அதாவது போக வேண்டிய இடத்தைக் காட்டினால் அங்கே போய் நிற்பீர்கள். திரும்புவதை ஸ்னாப் டர்ன் (சுழலாமல் சட்டென்று திரும்புவது) என்று வைத்துக்கொள்ளுங்கள், மெல்லச் சுழல்வதுதான் நடப்பதைவிட மோசம். நகரும்போது ஓரங்களை இருட்டாக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். லென்ஸ் இடைவெளி உங்கள் கண் இடைவெளிக்குச் சரியாக இருக்கிறதா பாருங்கள். எதிரே ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள், முகத்தில் படும் காற்று நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லும். நெற்றியில் வியர்வை அரும்புவதும் வாயில் எச்சில் ஊறுவதும்தான் முதல் அறிகுறி, அப்போதே கழற்றிவிடுங்கள். போகப்போகப் பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்தாலே புரட்டும். ஆடி முடித்த கையோடு வண்டி எடுக்காதீர்கள்.

நான் இடது கைக்காரி. இந்த கேம்கள் எனக்குச் சரிப்படுமா?
— வாசகி, பண்ருட்டி

அலிக்ஸ், பாவ்லோவ், ஆன்வர்ட் மூன்றிலும் எந்தக் கை முக்கியம் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பாவ்லோவ், ஆன்வர்ட் துப்பாக்கிகள் நிஜத்தைப் பார்த்துச் செய்தவை, வலது கைக்காரருக்காக வடிவமைத்த துப்பாக்கியில் போல்ட் இருக்கிற பக்கத்திலேயேதான் இருக்கும். அதனால் மற்றவர்கள் சொல்லித்தரும் ரீலோட் அசைவு உங்களுக்குப் பொருந்தாது, சொந்தமாக ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 11 வயது. அவன் சித்தப்பா ஹெட்செட் வாங்கித் தந்திருக்கிறார். எந்நேரமும் சுடுகிற கேம் வேண்டும் என்கிறான். மொபைலில் ஆடுவதும் இதுவும் ஒன்றுதானே?
— இல்லத்தரசி, முதலியார்பேட்டை

ஒன்று இல்லை அம்மா, அதனால்தான் இதற்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே பதில் சொல்கிறேன். மொபைலில் விரல் தட்டுகிறது. இதில் அவன் கையை நீட்டி, குறி பார்த்து, விசையை இழுக்கிறான், எதிரே விழுவது அவன் உயரத்தில் ஒரு ஆள். பெரியவர்களையே அது உலுக்கும். நான் மேலே பேசிய பாவ்லோவும் ஆன்வர்டும் அலிக்ஸும் 11 வயதுக்கு வேண்டாம். க்வெஸ்டில் 10 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் பொறுப்பில் கணக்கு தொடங்கும் முறை 2023-இலிருந்து இருக்கிறது. உங்கள் மகனுக்கு அப்படித்தான் கணக்கு இருக்க வேண்டும், சித்தப்பா கணக்கில் ஆடக்கூடாது. எந்த கேம், எவ்வளவு நேரம் என்பதை உங்கள் மொபைலிலிருந்தே நீங்கள் முடிவு செய்யலாம். அவன் பார்ப்பதையும் மொபைலிலோ டிவியிலோ காட்ட வைக்கலாம், முதல் சில வாரம் அப்படியே செய்யுங்கள்.

சூப்பர்ஹாட்டில் எதிரிகள் சிவப்புக் கண்ணாடி பொம்மைகள், சுட்டால் உடைந்து சிதறுவார்கள், ரத்தம் இல்லை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதைக் குறிக்கும் காட்சிகள் சில அதில் இருந்தன, 2021-இல் அதைச் செய்தவர்களே நீக்கிவிட்டார்கள். இருந்தாலும் அதை இன்னும் இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள் என்பேன். இப்போதைக்கு பீட் சேபர் மாதிரி தாளத்துக்குக் கட்டை வெட்டும் கேமே கையும் காலும் ஓயும் அளவுக்கு இருக்கும். குரல்வழிப் பேச்சை மட்டும் இன்றே அணைத்துவிடுங்கள். முகம் தெரியாத பெரியவர்கள் அதில் எதை வேண்டுமானாலும் பேசுகிறார்கள், எனக்கு உண்மையான பயம் துப்பாக்கியைவிட அதில்தான்.

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆடுவதைப் பார்த்துவிட்டு அவருக்கும் ஆசை. கொடுக்கலாமா?
— வாசகி, ரெட்டியார்பாளையம்

தாராளமாக, முதலில் ஒன்று கேளுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கரோ காதில் கருவியோ இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் மாட்டக்கூடாது, ஹெட்செட்டிலும் கன்ட்ரோலரிலும் உள்ள காந்தமும் ரேடியோ அலையும் அவற்றைப் பாதிக்கலாம். அது இல்லையென்றால் கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத நாற்காலியில் உட்கார வையுங்கள். உங்களிடம் கம்ப்யூட்டர் இருந்தால் அலிக்ஸை உட்கார்ந்தபடி, டெலிபோர்ட் முறையில் ஆடலாம். ராணுவத்தில் துப்பாக்கி பிடித்தவர் என்பதால் மேகசின் மாற்றுவதில் உங்களுக்கு அவர் சொல்லித்தரக்கூடும்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. மெடல் ஆஃப் ஹானர்: அபவ் அண்டு பியாண்ட் என்று 2020 டிசம்பரில் ஒரு வி.ஆர். கேம் வந்தது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஐரோப்பாவில் நடக்கிறது. கேமாக அது சுமார்தான், சுடுவதில் உயிர் இல்லை. ஆனால் அதோடு சேர்த்து அந்தப் போரில் இருந்தவர்களை வைத்து எடுத்த ஆவணப்படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று 'கோலெட்', நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுப் போராளிக் குழுவில் இருந்த ஒரு மூதாட்டி, தன் அண்ணன் இறந்த ஜெர்மன் முகாமுக்கு முதல்முறையாகப் போகிறார். 2021-இல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. பிரெஞ்சு தெரிந்த தாத்தாவுக்குத் துப்பாக்கியைவிட இது பிடிக்கலாம், ஹெட்செட் இல்லாமலும் பார்க்கலாம்.

வீடு சின்னது. மொட்டை மாடியில் ஆடலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

வேண்டவே வேண்டாம். முதல் காரணம் கைப்பிடிச் சுவர். கண் மூடிய ஆள் மாடியில் ஓடக்கூடாது, கேம் காட்டும் எல்லைக்கோட்டை நம்பி அங்கே நிற்காதீர்கள். அடுத்தது வெயில். ஹெட்செட்டின் லென்ஸ் உருப்பெருக்கிக் கண்ணாடிதான், அதில் நேர் வெயில் கொஞ்ச நேரம் பட்டால் போதும், உள்ளே இருக்கும் திரையில் பொட்டு விழுந்துவிடும், அது போகாது. நம் ஊர் வெயிலுக்கு ஜன்னலோரம் வைப்பதுகூடத் தப்பு. சரி, இரவில் ஆடலாமே என்றால், ஹெட்செட்டின் கேமராக்கள் சுற்றியிருப்பதைப் பார்த்துத்தான் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கணக்குப் போடுகின்றன, இருட்டில் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

கூடத்திலேயே ஆறரை அடிக்கு ஆறரை அடி இடம் ஒதுக்கினால் போதும். டீப்பாயை நகர்த்துங்கள், பெரிய கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடுங்கள், அது கேமராவைக் குழப்பும். தலைக்கு மேல் சீலிங் ஃபேன் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், பாப்புலேஷன்: ஒன்னில் சுவர் ஏறும்போது கை தானாக மேலே போகும், அலிக்ஸில் தோளுக்குப் பின்னால் கையை விடும்போது முழங்கை உயரும். ஃபேனுக்கு நேர்கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று டேபிள் ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள். கடலோர ஈரக்காற்றுக்கு லென்ஸ் சீக்கிரம் மங்கும், உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வையுங்கள், ஸ்பிரிட் எதுவும் தொட வேண்டாம். கரன்ட் போனால் ஹெட்செட் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அறை இருட்டாகி உங்கள் கைகள் காணாமல் போகும், வைஃபையும் போய்விடும். இன்வெர்ட்டர் லைனில் ஒரு ட்யூப் லைட்டையும் ரூட்டரையும் மாட்டிவிட்டால் மேட்ச் நடுவில் நிற்காது.